கட்டி ஐஸ் இடது பக்கம்

மீன் சந்தையில் ஐஸ் விற்கிறவனுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்தான் உண்டு. ஒன்று ஐஸில் வைத்தது, இன்னொன்று கெட்டுப்போனது. சந்தையின் பின்வாசலில் ஐஸ் உடைக்கும் மெஷினைப் போட்டிருந்த நம்முடைய ஐஸ்காரன் இந்த நம்பிக்கையில் ஊறிப்போன ஆள். காய்ச்சல் மாத்திரையை ஐஸ் பெட்டியில் வைப்பான். கைக்கடிகாரத்துக்கு வாங்கிய பேட்டரியை வைப்பான். ஒருமுறை மனைவிக்கு வாங்கின புதுச் செருப்பையே பாலிதீன் பையில் சுற்றி வைத்தான். கேட்டதற்கு, "பசை விட்டுப்போகாம இருக்கும்" என்றான். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்த அன்றைக்கு அவளுக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

மற்றபடி தங்கமான மனுஷன். அகலத் தோள், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், எப்போதும் ஜில்லென்றிருக்கும் கை. யாரைப் பார்த்தாலும் அந்தக் கையால் கையைப் பிடித்துக்கொண்டுதான் நலம் விசாரிப்பான். மாட்டிக்கொண்டவர் குளிரில் நெளிந்துகொண்டே, "நல்லா இருக்கேன், விடுப்பா" என்பார். காலையில் ஏலம் தொடங்குவதற்கு முன்னால் ஏலக்காரரிடம் மைக்கை வாங்கி ஓர் அறிவிப்பு சொல்வது அவனுடைய பெரிய சந்தோஷம். "ஐஸ் வந்துடுச்சு. தூள் ஐஸ் வலது பக்கம். கட்டி ஐஸ் வேணுங்கிறவங்க இடது பக்கம் வாங்க." சந்தையில் எல்லோருக்கும் இது மனப்பாடம். ஆனாலும் சொல்லாமல் விட மாட்டான்.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸை ஃபிரேமில் பொருத்தி, ஊசி மாதிரியான ஸ்குரூ டிரைவரால் திருகாணியை முடுக்குகிற வேலை. அவன் ஓட்டை வாய், அவள் அளந்து பேசுகிறவள். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடித்தனம். கல்யாணமாகி வருஷக்கணக்காகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேருக்குள் வருத்தம் இருந்ததே தவிர சண்டை இருந்ததில்லை. சண்டை எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தது.

வெளியில் என்றால் முக்கியமாக அக்காவிடமிருந்து. அவனுடைய அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்து அடுக்குகிற வேலை. அக்கா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அவன்மேல் உயிரையே வைத்திருப்பவள், அதனாலேயே தம்பி மனைவியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "என்ன, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" வீட்டில் கேட்டாள், பஸ் நிறுத்தத்தில் கேட்டாள், கடைசியில் கண்ணாடிக் கடைக்கே வந்து வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டாள். சந்தைக்கு மீன் வாங்க வந்தால் தெரிந்தவர்களிடம், "எந்தப் பொண்ணு நல்ல பொண்ணுன்னு வெளியில பாத்தா தெரியுதா? உள்ள என்ன கோளாறோ" என்று பெருமூச்சு விட்டாள்.

மனைவி ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. மாத்திரை, ஊசி, மறுபடி மாத்திரை. ஒவ்வொரு டாக்டரும் முந்தின டாக்டரை மட்டம் தட்டிவிட்டு அதே மாத்திரையை வேறு நிறத்தில் எழுதிக் கொடுத்தார். இத்தனை பேரில் ஒருத்தர்கூட, "உன் புருஷன் எங்கேம்மா?" என்று கேட்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியத்துக்கு ஒருத்தியை மட்டும் வரிசையில் நிற்க வைக்கிற அநியாயம் அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

அதைக் கேட்டது அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான். குழந்தையின்மையும் ஒரு நோய்தான், அதற்கும் பொது ஆஸ்பத்திரியில் இடம் வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் போராடி ஒரு தனிப் பிரிவைத் திறக்க வைத்தவர். வராந்தாவில் பெண்களுக்கு ஒரு பெஞ்சு, ஆண்களுக்கு ஒரு பெஞ்சு போட்டிருந்தார். பெண்கள் பெஞ்சில் இடமே இல்லை. ஆண்கள் பெஞ்சில் ஆஸ்பத்திரிப் பூனை கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"கிட்டத்தட்ட பாதி கேசுல கோளாறு ஆம்பளைங்க பக்கம்தாம்மா இருக்கு. ஆனா இந்தப் பெஞ்சு போட்டதிலேருந்து எனக்கு வந்த ஒரே ஆம்பளை இந்தப் பூனைதான்" என்றார் நர்ஸம்மா. "முதல்ல உன் வீட்டுக்காரருக்கு விந்து டெஸ்ட். அப்புறம்தான் உனக்குக் கர்ப்பக்குழாய் எக்ஸ்ரே. இதுக்கு மேல மாத்திரை கிடையாது."

மனைவி வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். மற்ற ஆண்களாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார்கள். ஐஸ்காரன், "இவ்ளோதானா? இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றான். ஆனால் ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒதுக்கியிருந்த அறையைப் பார்த்ததும் அவனுக்கே கூச்சம் வந்துவிட்டது. அறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. வெளியே கேன்டீன் வரிசை. வீட்டிலிருந்து கொண்டு வரலாமா என்று லேப்காரரிடம் கேட்டான்.

லேப்காரருக்கு ஆயிரம் வேலை. மூடி போட்ட டப்பாவை நீட்டி, "கொண்டு வரலாம். சீக்கிரம் வரணும், கெட்டுப்போகாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி ஐஸ்காரனிடமா சொல்வது? அவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மறுநாள், வெளிநாட்டுக்குப் போகிற முதல் தர இறாலுக்கு மட்டும் எடுக்கிற சின்னப் பெட்டியை எடுத்தான். அடியில் தூள் ஐஸ், நடுவில் டப்பா, மேலே தூள் ஐஸ், குளிர் இன்னும் ஏற ஒரு கைப்பிடி உப்பு. மூன்று சக்கர சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். மீன் நாற்றமடிக்கிற பெட்டியை உள்ளே விட மாட்டேன் என்று காவலாளி சொல்லிவிட்டதால் டப்பாவை மட்டும் எடுத்துப்போய் ஜன்னலில் இருந்த தட்டில் வைத்தான். லேப்காரர் அதைக் கையில் எடுக்கும்போது குளிர் போய்விட்டிருந்தது. அதற்குள் இருந்ததற்கு உயிரும் போய்விட்டிருந்தது.

"எண்ணிக்கை இருக்கு. ஆனா ஒண்ணுகூட அசையலை" என்றார் டாக்டர். "ஒரு டெஸ்ட்டை வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது, கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும்" என்றும் சொன்னார். அது ஐஸ்காரன் காதில் விழவே இல்லை. ஒன்றுகூட அசையவில்லை என்பதோடு அவனுக்குக் காது அடைத்துப் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் உள்ளே அக்காவின் குரல். "நீ சம்மதிச்சா அவனுக்கு வேற வழி பாக்கலாம். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி மேசையில் விழுந்துகிடந்த ஒரு திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்து குனிந்திருந்த விதம் அவனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாக இவள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள், நாம் ஐஸ் விற்றுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அக்காவிடம் மட்டும் சொன்னால் போதாது, அக்கா பேசி வைத்திருப்பது சந்தை முழுக்க அல்லவா?

மறுநாள் காலையில் வழக்கம்போல மைக்கை வாங்கினான்.

"ஐஸ் வந்துடுச்சு. அப்புறம் இன்னொரு விஷயம். எங்க வீட்ல குழந்தை இல்லாததுக்குக் காரணம் நான்தான். என் வீட்டுக்காரி இல்ல. ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாங்க. இனிமே அவகிட்ட யாரும் எதுவும் கேக்காதீங்க. கேக்குறதா இருந்தா என்னைக் கேளுங்க. தூள் ஐஸ் வலது பக்கம். கட்டி ஐஸ் வேணுங்கிறவங்க இடது பக்கம் வாங்க."

சந்தையில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை. மீன்கூடத் துள்ளவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அக்கா அன்றைக்குச் சந்தையில் இல்லை, ஆனால் செய்தி அவளுக்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் அவள் யார் வீட்டுப் பக்கமும் எட்டிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர் சொல்லித்தான் மனைவிக்குத் தெரிந்தது. சாயங்காலம் அவன் பூட்ஸைக் கழற்றும்வரை காத்திருந்துவிட்டு, "மைக்குல சொன்னீங்களாமே" என்றாள்.

"ஆமா."

"என்னைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லித்தான் இருப்பேன்." அவனுடைய பூட்ஸை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "கட்டி ஐஸ் இடது பக்கமாம்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அது சிரித்து வந்த தண்ணீர் மட்டும் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது. அடுத்த நாளிலிருந்து அவள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. முதலில் ஏலக்காரர் வந்தார். சந்தையையே குரலால் கட்டி ஆள்கிற மனுஷர், கிட்டே வந்து பூனை மாதிரி, "ஒரு கிலோ ஐஸ் குடு தம்பி" என்றார். ஏலக்காரருக்கு எதற்கு ஐஸ்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்த டெஸ்ட்டுல வலிக்குமா?" என்று கேட்டார். அவரைத் தொடர்ந்து லாரி டிரைவர், தராசுக்காரர், வலை தைக்கிறவர். எல்லோருக்கும் திடீரென்று ஐஸ் தேவைப்பட்டது. வாங்கின ஐஸை முக்குத் திரும்பினதும் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போனார்கள். கணவாய் மீன் சுத்தம் செய்கிற கணவாய்க்காரர் மட்டும் ஐஸ் வாங்காமல் நேரே கேட்டார். அவருக்கு ஏற்கெனவே நாலு பிள்ளைகள். "எல்லாரும் போறீங்க, நான் மட்டும் எதுக்கு விட்டுப்போகணும்? துணைக்கு வரேன்" என்றார்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் போக அவர்களுக்கு வெட்கம். ஐஸ்காரனுக்கு என்ன வெட்கம்? "நீங்க வீட்ல இருங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று பொறுப்பெடுத்துக்கொண்டான். விடியற்காலையில் பால்காரன் மாதிரி வீடு வீடாகப் போய் டப்பாக்களைச் சேகரித்தான். ஒவ்வொன்றையும் முதல் தர இறாலுக்குக் காட்டுகிற மரியாதையோடு ஐஸில் புதைத்தான். பெட்டியைக் காவலாளியிடம் விட்டுவிட்டு, டப்பாக்களைத் தட்டில் அடுக்கினான். முடிவு கேட்க எல்லோரும் வந்து உட்கார்ந்த அன்றைக்குப் பூனைக்குப் பெஞ்சில் இடம் போயிற்று. நர்ஸம்மா அந்தப் பெஞ்சைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார்.

பூரிப்பு லேப்காரர் வெளியே வரும் வரைக்கும்தான். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஒருத்தருடையதும் அசையவில்லை. மீன் சந்தையில் ஓர் ஆண் பாக்கியில்லை.

டாக்டர் மேலே சொன்னார், மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே சொன்னார்கள். சுகாதார அதிகாரி ஒருவர் பாட்டில்களும் கையுறையுமாகச் சந்தைக்கு வந்து இறங்கினார். குழாய்த் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர், மீன் செதில் என்று கையில் கிடைத்ததை எல்லாம் பாட்டிலில் அடைத்தார். ஊர் சும்மா இருக்குமா? கடல் கெட்டுவிட்டது என்றார்கள், வலை நூலில் விஷம் என்றார்கள். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து, ஐஸ்தான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். இதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது அவர்களுக்கே தெரியாது. ஐஸ்காரனைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வலது பக்கமும் காலி, இடது பக்கமும் காலி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரையும் உட்கார வைத்து அதிகாரி விசாரித்தார். சாப்பாடு என்ன, தூக்கம் எப்படி என்று கேட்டுக்கொண்டே கணவாய்க்காரரிடம் வந்தார்.

"உங்களுக்கும் அதே முடிவுதான். மனசைத் தேத்திக்குங்க" என்றார்.

"எனக்கா?" கணவாய்க்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எனக்கு நாலு இருக்கு சார். நாலும் என் மூக்கோட பொறந்திருக்கு. வந்து பாருங்க."

நர்ஸம்மா அந்த மூக்கைப் பார்த்தார். சாதாரண மூக்கு இல்லை, வாசலில் நின்றால் முதலில் அதுதான் உள்ளே வரும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஐஸ்காரன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "தம்பி, இத்தனை டப்பாவையும் யார் கொண்டு வந்தது?"

"நான்தான் நர்ஸம்மா."

"எப்படிக் கொண்டு வந்தீங்க?"

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி அவன் வெளியே ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தான். காவலாளியே அசந்து வழிவிட்டான். மூடியைத் திறந்து காட்டினான். "அடியில தூள் ஐஸ், மேல தூள் ஐஸ். உப்பும் போட்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

லேப்காரர் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி தன் கையுறையைக் கழற்றினார். நர்ஸம்மாதான் முதலில் சிரித்தது. மூச்சு முட்டச் சிரித்துவிட்டு, "தம்பி, அது மீன் இல்லப்பா. உடம்புச் சூட்டுல வரணும். சட்டைக்குள்ள அணைச்சுக் கொண்டு வரணும். நீங்க எல்லாத்தையும் விறைக்க வச்சுக் கொன்னுட்டீங்க" என்றார். லேப்காரர் தரையிலிருந்தபடியே, "தப்பு என்மேலதான். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றார். அன்றைக்கே, டப்பாவை ஐஸில் வைக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஜன்னலில் ஒட்டினார்.

வராந்தாவே கொண்டாடியது. ஏலக்காரர் லாரி டிரைவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஐஸ்காரனும் சிரித்தான், ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டான். தனக்கு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? அக்கா மறுபடி கண்ணாடிக் கடைக்கு வருவாள். அந்தக் கழுத்து மறுபடி குனியும். முடிவு மோசமாக வர வேண்டுமே என்று ஏங்கின ஒரே ஆண் அந்தப் பெஞ்சில் அவன்தான்.

புதுப் பரிசோதனைக்கு எல்லோரும் தாங்களே போனார்கள். சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சை அணைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடந்ததைப் பார்த்தவர்கள், சந்தையில் குளிர் காய்ச்சல் போலிருக்கிறது என்று ஒதுங்கினார்கள். ஏலக்காரருக்கு எண்ணிக்கை குறைவு, மருந்து தந்தார்கள். வலை தைக்கிறவருக்குச் சின்ன ஆபரேஷன். கணவாய்க்காரரைப் போதும், நீங்கள் வராதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஐஸ்காரனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் லேப்காரர். அவன் இடிந்துபோய் நின்றதைப் பார்த்து, இவனுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.

மனைவிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கர்ப்பக்குழாயில் அடைப்பு இருந்தது. சின்ன வயதில் எப்போதோ அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் வந்து, யாரும் கவனிக்காமல் விட்ட கிருமியின் வேலையாக இருக்கலாம் என்றார் நர்ஸம்மா. ஆபரேஷன் செய்து பார்க்கலாம், வாய்ப்பு இருக்கிறது.

"அப்போ நான்தான்" என்றாள் மனைவி.

"நோய்தாம்மா. நீ இல்ல" என்றார் நர்ஸம்மா.

வீட்டுக்குத் திரும்பும்போது மூன்று சக்கர சைக்கிளின் முன்தட்டில் அவள் உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து மிதித்துக்கொண்டே அவன் சொன்னான். "இத யார்கிட்டயும் சொல்ல வேணாம். நான் மைக்குல சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். எனக்குப் பழகிடுச்சு." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்து அவனால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் சந்தை முழுக்க அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்துகொள்ள அக்காவும் கூடையோடு வந்திருந்தாள். அவன் மைக்கை வாங்கினான். "ஐஸ் வந்துடுச்சு. என் ரிசல்ட்டும் வந்துடுச்சு. பழையபடிதான். குறை என்கிட்டதான். தூள் ஐஸ் வலது பக்கம்."

கட்டி ஐஸுக்கு அவன் வரும் முன்னால் ஒரு கை மைக்கைப் பிடித்தது. மீன் சந்தைக்குள் ஒருநாளும் காலடி வைக்காத அவன் மனைவி, கடைக்குப் போகிற உடையில், கோட்டுப் பையில் ஸ்குரூ டிரைவரோடு நின்றாள்.

"இவர் பொய் சொல்றார்" என்றாள். "இவருக்கு ஒண்ணும் இல்ல. அடைப்பு எனக்கு. ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். சரியானாலும் ஆகும், ஆகாமலும் போகும். அன்னிக்கு எனக்காக இவர் இங்க நின்னார். இன்னிக்கு நான் நிக்குறேன். இனிமே கேக்குறதா இருந்தா எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கேளுங்க."

சொல்லிவிட்டு அவள் அவனைப் பார்த்தாள். அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அவன் சொல்லாமல் விட்டதை அவளே சொல்லி முடித்தாள்.

"கட்டி ஐஸ் வேணுங்கிறவங்க இடது பக்கம் வாங்க."

யாரும் அசையவில்லை. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். மீன் ஒன்றும் வாங்கியிருக்கவில்லை, கூடை காலியாகத்தான் இருந்தது. அக்கா இடது பக்கம் போய் முதல் ஆளாக நின்று, தம்பி மனைவியை ஏறெடுத்துப் பார்த்து, "எனக்கு ஒரு கட்டி குடும்மா" என்றாள்.